எலி கடிக்காத மூட்டை

பிப்ரவரி 2

ஓசூரிலிருந்து இன்று காலை தனியாக வந்து இறங்கினேன். மகள் கோமுவின் வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. வழக்கப்படி அவளைக் கையோடு பாளையங்கோட்டைக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு வாரம் எங்கேயும் அசையக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவளுக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்திலேயே போயிற்று. இரண்டாவது பிறந்து மூன்று நாள் இருந்தது. அதனால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. துணைக்கு என் மனைவி உலகம்மாள் அங்கேயே தங்கிவிட்டாள். எனக்கு ரசம் வைக்கத் தெரியும், சமாளித்துக்கொள்வேன்.

சாயங்காலம் தெரு நலச் சங்கத்துச் செயலாளர் இசக்கிமுத்து வந்தான். "சார், நீங்க முப்பது வருஷம் சுகாதார ஆய்வாளரா இருந்தவரு. குப்பையப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? ஞாயித்துக்கிழம நீங்கதான் பேசணும்" என்றான். 'வீட்டுத் துணிக் கழிவைக் குறைப்போம்' என்று கூட்டம். பழைய துணிக் கிடங்குக்காரர்கள் வண்டியோடு வந்து எடுத்துப் போவார்கள். எந்தத் தெரு அதிகம் தருகிறதோ அதற்குப் பாராட்டு. போன மாதம் பிளாஸ்டிக் சேகரிப்பில் கீழத்தெருக்காரன்கள் ஜெயித்துவிட்டு என்னமாய்க் குதித்தார்கள்! இந்தத் தடவை விடுவதாக இல்லை.

பிப்ரவரி 5

உலகம்மாளின் பீரோவைத் திறந்தேன். கல்யாணமாகி முப்பத்துநான்கு வருஷத்தில் இதை நான் திறப்பது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அடேயப்பா! கல்யாணம், காதுகுத்து, நவராத்திரி என்று போன இடத்திலெல்லாம் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணிகள், ஒன்றுகூடத் தைக்காமல், ஒரு தலையணை கனத்துக்கு. சாயம் போன சேலைகள், கை பிய்ந்த நைட்டிகள், ஜோடி இழந்த தலையணை உறைகள். மூன்று சாக்கு கட்டினேன்.

என் பீரோவில் கழிக்க ஒன்றுமில்லை. நான் துணியைப் பேணுகிறவன். எல்லாம் கஞ்சி போட்டு, பெட்டி போட்டு, விறைப்பாக இருக்கும். தேய்க்கிற இடத்தில் மாறிப் போய்விடக் கூடாதென்று வேட்டி மூலையில் கறுப்பு மையால் 'ந.பெ.' என்று எழுதிவிடுவேன். நல்லபெருமாள் வேட்டி என்றால் தெருவே சொல்லும். ஒரு பொட்டுக் கறை விழுந்தாலும் மறுபடி அதைக் கட்ட மாட்டேன்.

பரணில் ஒரு மஞ்சள் பை. உள்ளே ஏழெட்டுக் கந்தல். அதையும் சேர்த்தேன்.

பிப்ரவரி 8

பேசினேன் என்றா சொல்வது, வெளுத்து வாங்கினேன். வீடு என்பது துணிக்கிடங்கு அல்ல, தேவையில்லாததைத் தேக்கி வைப்பதும் ஒரு அசுத்தம்தான் என்று ஆரம்பித்து அரை மணி நேரம். கடைசியில் உதாரணத்துக்கு ஒன்று காட்டினால்தான் மண்டையில் ஏறும் என்று, எங்கள் சாக்கிலிருந்தே ஒரு துணியை உருவினேன். கத்தரிப்பூ நிறச் சேலையில் கிழித்த துண்டு. வெளுத்து, நைந்து, மூலையில் வேறு நூலால் ஒட்டுப் போட்டிருந்தது. இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இத ஒரு வீட்டுல பத்திரமா மடிச்சுப் பரண்ல வச்சிருந்தாங்க. நீங்களே சொல்லுங்க, இது துணியா, நோயா?" என்றேன். ஆண்கள் பக்கம் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. இசக்கிமுத்து செல்போனில் வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான். பெண்கள் பக்கம் அவ்வளவாகச் சிரிப்பு இல்லை.

வேப்பமரத்தடியில் தேய்ப்பு வண்டி போட்டிருக்கும் மாடத்தியும் கையில் கரிக் கரண்டியோடு நின்று பார்த்தாள். அவள் முகம் இறுகிப் போயிருந்தது. இவர்களுக்கெல்லாம் சுகாதாரத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் ஏறாது.

எங்கள் தெருதான் ஜெயித்தது. கீழத்தெருவைவிட இரண்டே கிலோ அதிகம். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், ஆரஞ்சு நிறம். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற இருபத்தாறு பொன்னாடைகளோடு இதையும் வைத்தேன்.

பிப்ரவரி 9

வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தான். சட்டை நான்கு.

பிப்ரவரி 12

நான்கு நாளாக மாடத்தி துணி வாங்க வரவில்லை. எதிர்வீட்டுக்குப் போகிறாள், பக்கத்து வீட்டுக்குப் போகிறாள், நம் வாசலை மட்டும் தாண்டிப் போகிறாள். கூப்பிட்டதற்குக் காது கேட்காதது போல் போய்விட்டாள். நான்கு காசு சேர்ந்ததும் ஆட்களுக்குத் திமிர் வந்துவிடுகிறது. கசங்கின வேட்டியோடு ரேஷன் கடைக்குப் போக வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 14

உலகம்மாள் போன் செய்தாள். டாக்டரம்மா பயணத்துக்குச் சம்மதித்துவிட்டாராம்.

"செவ்வாக்கிழம ரயிலுக்கு வாரோம். பரண்ல ஒரு மஞ்சப் பை வச்சிருக்கேன். அத இறக்கி ஒரு நாள் வெயில்ல போட்டு வைங்க."

"அதுல என்ன?" என்றேன்.

"என்னன்னா கேக்கிய! ஏழு வீட்டுத் துணில்லா அது. பிள்ள தங்காதவளுக்குப் பிள்ள பொறந்தா, பிள்ளைகுட்டி நெறஞ்ச ஏழு வீட்டுல பழந்துணி கேட்டு வாங்கி அதுலதான் மொதல்ல கிடத்தணும். போன தரம் நீங்க கடையில பெட்டியோட புதுத்துணி வாங்கியாந்திய. வேண்டாம்னு சொன்னதுக்குச் சிரிச்சிய. இந்தத் தரம் நா சொல்லுதபடி விடுங்க. கோமு தெனமும் கேக்கா, எடுத்து வச்சிருக்கியாம்மா, எடுத்து வச்சிருக்கியாம்மான்னு."

"யார் யார் வீட்டுத் துணி?"

"மொதத் துணி மாடத்தி குடுத்தா. கத்தரிப்பூ கலரு. அவ பிள்ளைய நாலும் அதுல கிடந்து வளந்ததுதான். குடுக்க மனசு வராத துணி, உங்களுக்காகக் குடுக்கேன் மதினின்னு சொல்லிக் குடுத்தா."

சரி என்றேன். போனை வைத்த பிறகும் அந்தத் துணியைப் பிடித்த இரண்டு விரலையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காலையில் வைத்த ரசம் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 15

தாழையூத்துப் பக்கம் இருக்கிறது கிடங்கு. தகரக் கொட்டகை, உள்ளே மலை மலையாகத் துணி. மேற்பார்க்கிற அம்மா என்னைப் பார்த்ததும், "நீங்க வீடியோல பேசினவுகல்லா! நல்லாப் பேசினிய சார். துணியா நோயான்னு கேட்டியளே, நாங்க எல்லாரும் சிரிச்சுச் சிரிச்சு…" என்றாள். உட்கார நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை.

கட்டக்கூடியதை ஒரு பக்கம் பிரிக்கிறார்கள். மற்றதையெல்லாம் பித்தான் கழற்றி, சதுரம் சதுரமாக நறுக்கிப் பட்டறைகளுக்கு அனுப்புகிறார்கள், மெஷின் துடைக்க. என் மூட்டையைச் சொன்னேன். "மெல்லிசுப் பருத்தியா? அதெல்லாம் மொத நாளே போயிரும் சார். புதுத்துணி எண்ணெய இழுக்காது. பழசுக்குத்தான் கிராக்கி" என்றாள்.

அப்படியும் மத்தியானம் வரை கிளறினேன். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு எத்தனை குப்பைமேட்டைப் பார்த்திருப்பேன், ஒன்றிலும் கை வைத்ததில்லை. மஞ்சள் பை மட்டும் கிடைத்தது. அதில் பித்தான் போட்டு வைத்திருந்தார்கள். பித்தானைக் கொட்டிவிட்டுப் பையைத் தந்தார்கள்.

பிப்ரவரி 17

கோமு வந்துவிட்டாள். கன்னம் வற்றி, வயிறு மட்டும் பெரிதாக இருக்கிறாள். வாசலில் ஆரத்தி எடுத்து உள்ளே வந்து உட்கார்ந்ததும் முதல் பேச்சே, "அப்பா, பைய வெயில்ல போட்டியளா?" என்பதுதான்.

ரயிலடியிலிருந்து வரும்போதே சொல்லிவிட வேண்டுமென்று நினைத்தேன். ஆட்டோவில் நினைத்தேன். வாசலிலும் நினைத்தேன். வாயைத் திறந்தால், "அத எலி கடிச்சுப் போட்டுருச்சும்மா. தூக்கிப் போட வேண்டியதாப் போச்சு" என்று வந்தது.

கோமு வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். உலகம்மாள், "பை எங்க?" என்றாள். கொண்டுவந்து கொடுத்தேன். அதை உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பி, வெளிச்சத்தில் ஒரு தடவை பிடித்துப் பார்த்து, நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பையில் ஒரு பல்தடம்கூட இல்லையே என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

பிப்ரவரி 18

எலிப்பொறி வாங்கி வந்து பரணுக்குக் கீழே வைத்தேன். மசால் வடை.

பிப்ரவரி 19

பொறியில் ஒன்றும் விழவில்லை. வடையை மாற்றினேன்.

பிப்ரவரி 21

ஒன்றும் விழவில்லை. எப்படி விழும்? இல்லாத எலிக்குத் தினம் ஒரு வடை. எதிர்வீட்டுக்காரர், "உங்க வீட்ல எலியா? எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே" என்கிறார். உலகம்மாள் பொறியைத் தாண்டித் தாண்டிப் போகிறாள், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கோமு சரியாகச் சாப்பிடவில்லை. கதவுக்குப் பின்னால் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "எலி ஏம்மா அந்த மூட்டையப் போய்க் கடிக்கணும்? வீட்டுல எவ்வளவு துணி இருக்கு! இதுவும் தங்காதுன்னு சொல்லுதா?"

"சும்மா கிட" என்றாள் உலகம்மாள். அவள் குரலும் அவ்வளவு உறுதியாக இல்லை.

துணிக்கும் உயிருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். கிருமியைப் பற்றி ஊர் ஊராகப் பேசியவன் நான். ஆனால் அதை இப்போது அவளிடம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்தச் சகுனத்தை அவள் தலையில் ஏற்றியவனே நான்தான்.

பிப்ரவரி 23

கோமு கேட்டாள்: "தாத்தா கட்டின பழைய வேட்டி கிடைச்சாலும் பரவாயில்லன்னு எதுத்த வீட்டு அக்கா சொன்னாவ. உங்ககிட்ட ஒண்ணு இருக்குமாப்பா?"

பீரோவைத் திறந்து காட்டினேன். பத்தொன்பது வேட்டி, நாற்பத்தேழு சட்டை, இருபத்தேழு பொன்னாடை. அவள் ஒரு வேட்டியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "சொரசொரன்னு இருக்குப்பா" என்று திருப்பித் தந்தாள். இன்னொன்றும் அப்படித்தான். பிறந்த பிள்ளையைக் கிடத்த ஒரு மெத்தென்ற துணி என் பீரோவில் இல்லை. எதையும் பழசாக விட்டால்தானே இருக்கும்!

பிப்ரவரி 24

ஒரு வேட்டியை எடுத்து ஊறவைத்து நானே துவைத்தேன். கொல்லையில் கல் இருக்கிறது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. பிரசவத்துக்கு இன்னும் நாற்பது நாளுக்கு மேல் இருக்கிறது. எண்பது துவைப்பில் எந்த வேட்டியும் பஞ்சாகிவிடும்.

மார்ச் 1

பன்னிரண்டாம் துவைப்பு. கை தோல் உரிந்துவிட்டது. வேட்டி அப்படியே விறைத்துக்கொண்டு நிற்கிறது. உலகம்மாள் அடுப்படிச் சன்னல் வழியாகப் பார்க்கிறாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

மார்ச் 4

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். கோமு எடை இறங்கியிருக்கிறாள். உள்ளே பிள்ளையும் இருக்க வேண்டிய வளர்ச்சி இல்லை. "இப்படியே போனா ஆபத்து. என்ன கவலை இந்தப் பொண்ணுக்கு? சாப்பிட வைங்க, தூங்க வைங்க" என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். நான் சுவரில் இருந்த குழந்தை படத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

இந்த நோட்டில்கூட நான் பொய்தான் எழுதி வைத்திருக்கிறேன். போன மாதம் ஐந்தாம் தேதி எழுதியதை இன்று திருப்பிப் பார்த்தேன். 'ஏழெட்டுக் கந்தல், அதையும் சேர்த்தேன்' என்று இருக்கிறது. அது முழு உண்மை இல்லை. பையின் வாயில் ஊக்கு குத்தி ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. உலகம்மாள் கையெழுத்து. 'கோமு பிள்ளைக்கு. யாரும் தொட வேண்டாம்.' நான் அதைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் ஊக்கைக் கழற்றினேன். அதற்கு முன்னால் வீட்டுத் தராசில் மூன்று சாக்கையும் நிறுத்துப் பார்த்திருந்தேன். கீழத்தெருக்காரன் வீட்டு மூட்டைகள் பெரிதாகத் தெரிந்தன. இந்தப் பை இரண்டரை கிலோ இருந்தது.

பேரனோ பேத்தியோ, அதற்கு எடுத்து வைத்ததை இரண்டரை கிலோவுக்காகக் கொடுத்துவிட்டு, அதையே மேடையில் தூக்கிக் காட்டிச் சிரிக்கவும் வைத்தேன். சிரிப்புக்காக. என் சட்டையில் ஒன்று கொடுக்கவில்லை. எழுதிவிட்டேன். எழுதினால் மனம் லேசாகும் என்பார்கள். ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 5

துவைத்த வேட்டியை எடுத்துக்கொண்டு நானே மாடத்தி வண்டிக்குப் போனேன். தேய்க்கக் கொண்டுவந்ததாக நினைத்துக் கை நீட்டினாள். "தேய்க்க இல்ல மாடத்தி. எத்தன துவைச்சாலும் இது மெதுவாகல. ஏன்னு கேக்க வந்தேன்" என்றேன்.

ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தாள். "இது பாலியஸ்டர் கலந்ததுல்லா அண்ணாச்சி. நீங்க வருசம் பூரா துவைச்சாலும் இப்பிடித்தான் நிக்கும்."

திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. "அன்னைக்கு மேடையில நான் தூக்கிக் காட்டினது…" என்று ஆரம்பித்தேன்.

"ஏந்துணிதான்" என்றாள். பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். "எம்பிள்ளைய நாலுக்கும் ஒரு நோய் வந்ததில்ல அண்ணாச்சி. அந்தத் துணியப் போயி நோயின்னு சொன்னிய. மதினி வந்து மடியேந்திக் கேட்டாவளேன்னுதான் குடுத்தேன். இல்லன்னா அத நா குடுப்பனா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த வீடியோவ எம்மவன்தான் எனக்குக் காமிச்சான். அவனுக்குத் தெரியல, அது அவன் கிடந்த துணின்னு."

தப்புதான் என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தொண்டையை மூன்று தடவை செருமினேன்.

பெட்டியில் கரியைக் கிளறிவிட்டு அவளாகவே, "மதினிக்குத் தெரியும். வந்த அன்னைக்கே கேட்டாவ, சொல்லிட்டேன்" என்றாள். "கோமுக்குத்தான் தெரியாது. மதினி மறுபடி கேக்கவும் முடியாது. கேட்டவ ரெண்டாந்தரம் கேக்கப்படாது, அது ஆகாது."

"அப்ப என்ன வழி?"

"நீங்க இன்னும் கேக்கலல்லா" என்றாள். "பொம்பளைக்கு முந்தான. உங்களுக்கு வேட்டி. ஏழு வீட்டு வாசல்லயும் ஏந்தணும், வாயத் தொறந்து கேக்கணும். ஆனா மொதல்ல அந்தப் பிள்ளகிட்டச் சொல்லிட்டு வாங்க."

மார்ச் 6

சொல்லிவிட்டேன்.

காலையில் கோமு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் இட்லி தொடாமல் இருந்தது. "எலி இல்லம்மா" என்றேன். "நான்தான் கூட்டத்துல தூக்கிக் குடுத்துட்டேன். சீட்டப் படிச்சிட்டேதான் குடுத்தேன். ஒங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். "எலி கடிக்கலையா?"

"இல்ல."

"நெசமாவே கடிக்கலையாப்பா? சத்தியமா?"

"சத்தியமா. நம்ம வீட்டுல எலியே இல்ல."

அவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. "எலி இல்லையாம்மா! அப்பாதானாம்!" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினாள். பிறகு இட்லித் தட்டை இழுத்து நான்கு இட்லி சாப்பிட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். எலியைவிட அப்பா பரவாயில்லை என்று பிள்ளை நிம்மதிப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது இருக்கிறதே, அந்தக் கஷ்டம் யாருக்கும் வரக் கூடாது.

அடுப்படியிலிருந்து உலகம்மாள் குரல் மட்டும் வந்தது. "அந்தப் பொறிய எடுத்து வைங்க. கால்ல இடிக்கி."

மார்ச் 8

ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று தெரிந்துதான் போனேன். வேறு நாள் போனால் அது ஒளிந்து போனது போல் ஆகும். உலகம்மாள் அந்த ஏழு வீட்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். கூட வருகிறாயா என்று கேட்டேன். "நா என் பங்குக்குக் கேட்டாச்சு" என்றாள்.

முதல் வீடு இசக்கிமுத்து வீடு. அவனே வந்து கதவைத் திறந்தான். "வாங்க சார், அடுத்த கூட்டம் சம்பந்தமாவா?" என்றான். நான் அந்த விறைத்த வேட்டியை விரித்து இரண்டு கையிலும் ஏந்தினேன். வேலையில் இருந்த காலத்தில் இதே தெருவில் எத்தனை வாசலில் நின்று அதட்டியிருப்பேன்! இன்று குரலே எழும்பவில்லை. "எம் மக பிள்ளைக்கு ஒரு பழந்துணி வேணும்" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி வந்து பார்த்தாள். அவளுக்கு உடனே புரிந்தது. அன்றைக்கு அவள் துணியும் அந்தப் பையில்தான் இருந்தது, அவளும் கூட்டத்தில்தான் இருந்தாள். உள்ளே போய் ஒரு மஞ்சள் கட்டம் போட்ட துண்டைக் கொண்டுவந்து போட்டாள். "நல்லாப் பெத்துப் பொழைக்கட்டும்" என்றாள். இசக்கிமுத்து இன்றைக்குச் செல்போனை வெளியே எடுக்கவில்லை.

அடுத்த வீட்டில் கொடுத்தார்கள். அதற்கடுத்த வீட்டில், "ஏன் சார், நோய் ஒட்டிராதா?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார்கள். ஒட்டாதும்மா என்றேன். நான்காவது வீட்டுக்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது, துணியோடு வாசலில் நின்றார்கள். அது இன்னும் கூச்சமாக இருந்தது. ஐந்து, ஆறு. முகம் எரிந்தது. வெயில் என்று சொல்லிக்கொண்டேன், வெயில் இல்லை.

ஏழாவது மாடத்தி. வண்டியில் இல்லை, வீட்டில் இருந்தாள். ஏந்தினேன், கேட்டேன்.

"எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றாள். "பிள்ளைய கிடந்த துணி வேற இல்ல."

நான் தலையைக் குனிந்து நின்றேன். ஆறோடு திரும்பிப் போவதுதான் எனக்குச் சரி என்று பட்டது.

"ஆனா ஒண்ணு இருக்கு" என்று உள்ளே போனாள். ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்தாள். துவைத்து மடித்திருந்தது. பட்டுச்சேலை தேய்க்கும்போது சூடு நேராகப் படாமல் மேலே விரிக்கிற துணியாம். ஏழு வருஷமாக அவள் கையில் இருக்கிறது. அங்கங்கே பெட்டிச் சூடு பட்ட பழுப்புத் தடம். "நாலு பிள்ளையும் படிச்சது இந்தத் துணிக்கு மேல பெட்டி ஓடினதுலதான். அதனால எம்பிள்ளைய துணின்னே வச்சுக்கிடுங்க" என்று என் கையில் போட்டாள்.

அவ்வளவு மெத்தென்று ஒரு துணியை நான் தொட்டதில்லை. கையில் கனமே தெரியவில்லை. மூலையைப் பார்த்தேன். வெளுத்துப் போன கறுப்பு மையில் 'ந.பெ.' என்று இருந்தது.

"உங்க வேட்டிதான்" என்றாள் மாடத்தி. "காப்பி சிந்திருச்சுன்னு கழிச்சியளாம். மதினி குடுத்தாவ. நல்ல பருத்தி அண்ணாச்சி, எதுக்குக் கழிச்சியளோ!"

கறை எங்கே என்று தேடினேன். இருந்த இடம்கூடத் தெரியவில்லை. அவள் வாசலிலேயே நின்று அழுதுவிட்டேன். யார் யார் பார்த்தார்களோ.

மார்ச் 9

நாளைக்கு மாடத்தி துணி வாங்க வருகிறாளாம். இனி கஞ்சி வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

மார்ச் 15

உலகம்மாள் என் பீரோவைத் திறந்தாள். கேட்காமல்தான் திறந்தாள். சுத்தப் பருத்தி வேட்டி மூன்று தேறியது. பிள்ளையின் இடுப்புத் துணிக்கு அளவெடுத்து நான் கிழித்தேன், அவள் கொதிநீரில் அலசிக் காயப்போட்டாள். நாற்பத்தேழு சட்டையில் ஏழு போதும் என்றாள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசத்தில் வந்த நான்கையும் அட்டை கழற்றாமல் அப்படியே கண்டுபிடித்தாள். பில்லில் தேதி பார்த்தாள். கூட்டத்துக்கு மறுநாள். நான் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். பொன்னாடையை என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை.

மார்ச் 20

கோமு எடை ஏறியிருக்கிறாள். பிள்ளையும்.

ஏப்ரல் 3

விடிகாலையில் பெண் பிறந்தது. தாயும் சேயும் நலம். நர்சம்மா துணி கேட்டபோது உலகம்மாள் ஏழையும் கொடுத்தாள். எதில் சுற்றலாம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து அந்த வெள்ளைத் துணியை எடுத்தார். "ரொம்ப மெதுவா இருக்கே, தாத்தா வேட்டியா?" என்று என்னைக் கேட்டார்.

"மாடத்தி வீட்டுத் துணிம்மா" என்றேன்.

ஏப்ரல் 6

மூன்றாம் நாள். முன்பு பிறந்தது இத்தனை நாள்தான் இருந்தது. கோமு பிள்ளையைக் கீழே விடவே இல்லை. நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 7

நான்காம் நாள். காலையில் பேத்தி ஊரே கேட்கிற மாதிரி அழுதாள். பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வந்ததும் முதல் வேலையாக அந்த வெள்ளைத் துணியை நனைத்துவிட்டாள். உலகம்மாள் கை நீட்டினாள். நான் துவைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். கல்லில் அடிக்கவில்லை, கையால் கசக்கினேன். கொல்லைக் கொடியில் வெயில் வர நேரமாகும். தெருப்பக்கக் கொடியில்தான் காலை வெயில். அங்கே கொண்டுபோய் விரித்தேன், பெட்டிச் சூடு பட்ட தடமெல்லாம் தெரிய.

இசக்கிமுத்து பைக்கை நிறுத்திப் பார்த்தான். "என்ன சார் அது?" என்றான். எதிர்வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளத் துணி" என்று சொல்லிவிட்டு, காற்றில் விழாமல் இருக்க இரண்டு பக்கமும் கவ்வி போட்டேன்.